வண்ணார்பேட்டைக்கும் கல்லிடைக்கும் நடுவே ஒரு ஃபோல்டர்

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் தொழில். கடை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், வீடு கல்லிடைக்குறிச்சியில். பகலில் கடையில் பாதி முடித்ததை ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டுக் கணினியில் முடிப்பேன். ரொம்ப காலம் இரண்டுக்கும் நடுவே பென்டிரைவ்தான் போய்வந்து கொண்டிருந்தது. செங்கோட்டை பாசஞ்சரில் சேரன்மகாதேவி தாண்டும்போது சட்டைப்பையைத் தடவினால் ஒன்றும் இருக்காது. கடைக் கணினியிலேயே சொருகி விட்டுவந்தது அப்போதுதான் ஞாபகம் வரும்.

2019-ல் சிங்க்திங் போட்டேன். ஒரு ஃபோல்டரை இரண்டு மூன்று கணினியில் ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள் அது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் நம் கோப்பு போய் உட்காராது. ஒரு கணினியின் நீளமான அடையாள எண்ணை இன்னொன்றில் கொடுத்து, எந்த ஃபோல்டர் என்று காட்டினால் போதும். பெரிய கோப்பில் கொஞ்சம் மாற்றினால் மாறிய துண்டுகள் மட்டும் போகும். நிறுவுவதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை.

முதல் வாரமே ஒன்று புரிந்தது. கோப்பு நடுவில் எங்கேயும் தங்காது என்றால், இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் எதுவும் நகரும். நான் எட்டு மணிக்குக் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவேன். வீட்டில் கணினியைப் போடுவது ஒன்பதரைக்கு. சூரியனும் சந்திரனும் மாதிரி இரண்டும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவசர வேலை இருக்கும் நாளில் மட்டும் கடைக் கணினியை ஓடவிட்டு வருவேன்.

அப்படி ஓடவிட்ட ஒரு ராத்திரியில்தான் 400 பத்திரிகை வீணாய்ப்போனது. முந்தின இரவு வீட்டில் ஒரு பத்திரிகையின் பார்டர் நிறத்தை மாற்றியிருந்தேன். மறுநாள் காலை பெண் வீட்டார் கடைக்கு வந்து முகூர்த்த நேரத்தைத் திருத்தச் சொன்னார்கள். வீட்டு மாற்றம் இன்னும் வந்து சேராத பழைய கோப்பிலேயே திருத்திவிட்டேன். ஒரே கோப்பு இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறியிருந்தால் சிங்க்திங் எதையும் அழிக்காது. சேமித்த நேரத்தைப் பார்த்து, பிந்தியதை அசல் பெயரில் வைக்கும். முந்தியதைப் பெயரோடு 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்று தேதியும் நேரமும் ஒட்டி ஓரமாக வைக்கும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் என் கடைக் கணினியின் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், ராத்திரி கரண்டை அணைக்க அணைக்கக் கடிகாரம் ஒரு நாளுக்கும் மேல் பின்தங்கியிருந்தது. அதனால் காலையில் செய்த திருத்தம் பழசாகிவிட்டது, முந்தின இரவு மாற்றிய பார்டர் புதுசாகிவிட்டது. நான் அசல் பெயரில் இருந்ததைத் திறந்து பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

"அண்ணாச்சி, ஆறு மணின்னு சொன்னோம்லா, ஒம்பதுன்னு கெடக்கு?"

பேப்பர் செலவு என் தலையில். சின்ன நாணயம் போன்ற அந்த பேட்டரியை அன்றைக்கே மாற்றினேன், கணினியின் நேரத்தை இணையத்தோடு பொருத்தினேன். இப்போதும் தினமும் காலையில் முதல் வேலை, ஃபோல்டரில் 'கான்ஃப்ளிக்ட்' என்று தேடிப் பார்ப்பது.

இரண்டும் சந்திக்காத பிரச்சினைக்கு வழி கிடைத்தது வீட்டுப் பரணில்: திரை உடைந்த பழைய லேப்டாப். அதையும் மூன்றாவது ஆளாகச் சேர்த்து ரூட்டர் பக்கத்தில் எப்போதும் ஓடவிட்டேன். கடையில் சேமிப்பது உடனே அதற்கு வரும், நான் வீட்டில் கணினியைப் போட்டதும் அதிலிருந்து இறங்கும். கரண்டு போனாலும் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "யாரும் பாக்காத பெட்டிக்கு எதுக்குலே கரண்டு?" என்று இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

என்னைக் கேட்டால், இரண்டு கணினிக்கு நடுவே ஒத்திசைவு வேண்டும் என்பவர்களுக்கு உண்மையில் தேவை மூன்று கணினி.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். தரையில் வைத்திருந்த கடைக் கணினியைச் சேற்றோடுதான் எடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வரை செய்த வேலை முழுக்க அந்த உடைந்த லேப்டாப்பில் இருந்தது. புதுக் கணினியை வீட்டுக்கே கொண்டுவந்து ரூட்டரில் கேபிள் போட்டேன். 60 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கடையிலிருந்து இணையம் வழியாக இறக்கியிருந்தால் ரொம்ப இழுத்திருக்கும். எனக்கு இணைப்பு கொடுப்பவர்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீட்டுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். அதனால் நேர் இணைப்பு பல நாள் கிடைக்காமல் ரிலே வழியாக, அதாவது கோப்பைத் தங்கவைக்காமல் கைமாற்றி மட்டும் விடும் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். பூட்டுப்போட்டுத்தான் போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் மாட்டு வண்டி வேகம்.

வெள்ளத்தில் தப்பித்ததால் இதை பேக்கப் என்று நம்பிவிட வேண்டாம். கடையில் ஒன்றை அழித்தால் வீட்டிலும் அழியும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி உண்டு, நான் ஐந்து பதிப்பு வைக்கிறேன். அதில் ஒரு நுணுக்கம்: வெளியிலிருந்து வந்த மாற்றத்துக்குத்தான் அது பழையதை எடுத்துவைக்கும், அதே கணினியில் நாமே மாற்றியதற்கு வைக்காது. கடையில் அழித்ததை வீட்டில் போய்த்தான் தேட வேண்டும். அதனால் எல்லாக் கணினியிலும் தனித்தனியாக அதை இயக்கிவையுங்கள். எதற்கும் மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து அதைக் கழற்றிவைக்கிறேன்.

அப்புறம், கோரல் டிராவில் வேலை செய்பவர்களுக்கு: சேமிக்கும்போதெல்லாம் அது போடுகிற 'பேக்கப் ஆஃப்' கோப்புகளை சிங்க்திங்கின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போக்குவரத்து இரட்டிப்பாகும். அந்தப் பட்டியல் தானாக மற்ற கணினிக்குப் போகாது, ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். தமிழ் எழுத்துருக்களும் அப்படியே. ஃபோல்டரில் போட்டால் கோப்பு வந்து சேருமே தவிர நிறுவப்படாது. வீட்டில் நிறுவ மறந்த ஒரு ராத்திரி, மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாக இருந்தது.