ஹைட்ரஜன் பிடிக்கும் ஆண்டெனா: 700 வெள்ளிக்குத் தகுமா?

கோலாலம்பூரில் தொலைநோக்கி வாங்கியவர்களுக்குத் தெரியும், பாதி நாள் அது உறைக்குள்தான் கிடக்கும். மேகம், மழை, இரண்டும் இல்லையென்றால் நகரத்து வெளிச்சம். அந்த எரிச்சலில்தான் செந்தூல் டியூஷன் பிள்ளைகளுக்காக மேகத்தையும் தாண்டி வரும் ரேடியோ அலையைப் பிடிக்கும் இந்த செட்டை ஆன்லைனில் வாங்கினேன். வைஃபைக்குப் பயன்படும் கம்பிவலை ஆண்டெனா, விண்வெளி ஹைட்ரஜன் வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் விடும் ஃபில்டர் உள்ள எல்என்ஏ (மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), லேப்டாப்பில் செருகி அதையே ரேடியோவாக்கும் எஸ்டிஆர் டாங்கிள். மொத்தம் 700 வெள்ளி சொச்சம்.

பார்சலைப் பிரித்ததுமே முதல் குறை. ஆண்டெனாவில் என்-டைப் கனெக்டர், எல்என்ஏவில் எஸ்எம்ஏ, இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பெட்டியில் இல்லை. விற்றவரைக் கேட்டால் "அது தனி" என்று ஒரே வரி. ஜாலான் பாசாரில் ஏறி இறங்கி வாங்கினேன். அப்புறம் முதல் இரவு வெறும் இரைச்சல்தான். இரண்டு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிச் செருகி அலுத்துப்போன பிறகு, எல்என்ஏவுக்கு மின்சாரம் கொடுக்கும் பயாஸ்-டீயை நான் ஆன் செய்யவே இல்லை என்று கண்டுபிடித்தது படிவம் நான்கு மாணவி ஒருத்தி. சரி, அது என் தப்பு.

மறுநாள் வானம் முழுக்க மேகம். தனுசு விண்மீன் கூட்டம் இருக்கும் பக்கம் ஆண்டெனாவைத் திருப்பி, ஐந்து நிமிடம் சராசரி எடுக்க விட்டோம். லேப்டாப் திரையில் தட்டையாக ஓடிய கோடு 1420.4 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மெல்ல முதுகைத் தூக்கியது. பால்வெளி ஹைட்ரஜன்! 1951-ல் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் இவென்னும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே கொம்பு ஆண்டெனாவை நீட்டிப் பிடித்த அதே 21 சென்டிமீட்டர் அலை.

"படம் எங்கே சார்?" என்றான் ஒருவன். படம் வராது, அதை வாங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இவ்வளவு சின்ன ஆண்டெனா ஒரே நேரத்தில் 15 டிகிரிக்கு மேல் வானத்தை அள்ளிக்கொள்ளும், நிலாவே அரை டிகிரிதான். ஆனால் வேறு திசைக்குத் திருப்பினால் மேடு இடம் மாறுகிறது, அந்த ஹைட்ரஜன் நம்மை நோக்கி வருவதாலோ விலகிப் போவதாலோ அலைவெண் மாறுவதுதான் காரணம், அதாவது டாப்ளர் விளைவு. மேடு 4.7 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம். டாப்ளர் பாடம் அன்றைக்குத்தான் அவர்கள் மண்டையில் ஏறியது.

ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். கூரையில் சும்மா கிடக்கும் பழைய ஆஸ்ட்ரோ டிவி தட்டில், சிக்னல் கிடைத்தால் கீச்சிடும் சாட்டிலைட் ஃபைண்டரை மாட்டிச் சூரியனைக் காட்டினால் போதும், அந்தக் கருவி கத்தித் தீர்த்துவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த செட்டைத் தாராளமாக வாங்கலாம். திடல் கிடைத்தால் அங்கேயே வையுங்கள். எங்கள் மாடியில் எல்இடி விளக்கு எரிந்தாலே கோடு முழுக்க முள் முளைக்கிறது, அணைக்கச் சொன்னால் எதிர்வீட்டு அக்கா முறைக்கிறார்.