கழுத்துக் கட்டி ஸ்லைடு: காய விடுவதா, ஆல்கஹாலில் போடுவதா?

கழுத்தில் கட்டி என்று வருபவருக்கு ஊசி குத்தி, எடுத்ததை ஸ்லைடில் தடவியதும் சில நொடிக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதைக் காற்றில் காய விடலாம், அல்லது ஈரம் போவதற்குள் ஆல்கஹாலில் போடலாம். ரிப்போர்ட்டில் என்ன வரும், என்ன வராது என்பதில் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. செல்களைப் பரிசோதிக்கும் சைட்டாலஜி லேபில் ஸ்லைடுக்குச் சாயம், அதாவது ஸ்டெயின் போடுகிறவன் என்பதால் இரண்டையும் தினமும் கையில் பிடிக்கிறேன்.

ஆல்கஹால் வழி பாப் ஸ்டெயினுக்கானது. ஸ்லைடு 95 சதவீத எத்தனாலில் குறைந்தது 15 நிமிடம் கிடக்க வேண்டும். அப்புறம் ஹெமடாக்சிலின், ஆரஞ்சு ஜி, ஈஏ என்ற சாயங்களில் வரிசையாகப் போகும். இதன் பலம் செல்லின் கருவான நியூக்ளியஸ். தைராய்டில் பாப்பில்லரி கேன்சர் இருந்தால் நியூக்ளியஸின் நடுவே காபிக்கொட்டையில் இருப்பது மாதிரி ஒரு கோடு ஓடும், சிலவற்றில் ஓட்டை போட்டாற்போல் வெளிறிய வட்டம் இருக்கும். பாப்பில் இவை பளிச்சென்று தெரியும். செல்கள் கொத்தாகக் குவிந்திருந்தாலும் அடியில் இருப்பதுவரை பார்க்கலாம். தோல், நகத்தில் உள்ள புரதமான கெரட்டின் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் தானே காட்டிக்கொடுக்கும்.

காய வைத்த ஸ்லைடு கீம்சா என்ற இன்னொரு ஸ்டெயினுக்குப் போகும். காயும்போது செல் கண்ணாடியோடு ஒட்டிப் பரந்து விடுவதால் பெரிதாகத் தெரியும், நியூக்ளியஸின் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும், ஆனால் செல்லைச் சுற்றி என்ன கிடக்கிறது என்பதை இதுபோல் காட்ட பாப்பால் முடியாது. தைராய்டுக்குள் இருக்கும் கூழான கொலாய்டு நீல ஊதாவில் படர்ந்திருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் பிளியோமார்பிக் அடினோமா என்ற கட்டியில் நார் நாரான மெஜந்தாவைப் பார்த்தால் லென்ஸை மாற்றுவதற்கு முன்பே பதில் தெரிந்துவிடும். நெறிகட்டியில் லிம்போமா என்ற நிணநீர்க் கேன்சர் சந்தேகம் என்றாலும் எனக்கு கீம்சாதான் முதலில் வேண்டும், ரத்த ஸ்மியர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சொந்த ஊர் மாதிரி. நம் ஊரில் நெறிகட்டி என்றால் டிபியையும் பார்க்காமல் விட முடியாது, டிபி கிருமியைக் காட்டும் இசட்.என். (சீல்-நீல்சன்) ஸ்டெயினுக்கும் காய்ந்த ஸ்லைடு ஒன்று உதவும்.

இப்படி இரண்டு வழியாகப் பிரிந்த கதையும் ஸ்டெயின்களின் பிறப்பிலேயே இருக்கிறது. பாப் ஸ்டெயின் நியூயார்க்கில் பாப்பனிக்கலாவ் பெண்களின் யோனி ஸ்மியருக்காக உருவாக்கி 1942இல் வெளியிட்டது. கீம்சாவின் வேர் ரஷ்யாவில், 1891இல் ரொமனோவ்ஸ்கி மலேரியா ஒட்டுண்ணியைப் பார்க்கச் செய்த முறையில். 1950களில் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஊசிப் பரிசோதனையை வளர்த்த ஃபிரான்சேன் ரத்த நோய்த் துறையிலிருந்து வந்தவர், அதனால் ஸ்வீடன்காரர்கள் காய வைத்தார்கள். அமெரிக்கா ஆல்கஹாலில் நின்றது. இன்று பெரும்பாலான இடங்களில் இரண்டுமே போடுகிறார்கள், அதுதான் சரி.

உண்மையான எதிரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்லைடைத் தடவி மேசையில் வைத்துவிட்டு, லேபிள் எழுதி, ஜார் மூடியைத் தேடித் திறப்பதற்குள் பாதி காய்ந்துவிடும், பிறகு ஆல்கஹாலில் போட்டுப் பயனில்லை. நியூக்ளியஸ் ஊதி, மங்கி, ஓரம் கரைந்தாற்போல் இருக்கும். காய வைப்பதும் அப்படித்தான், வேகமாகக் காய வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் கனமாகத் தடவிய ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தால் செல் சுருங்கிக் கெட்டுவிடும், ஃபேனுக்கு அடியில் வைத்தே ஆக வேண்டும். பக்கத்தில் பயாப்சி டப்பா திறந்திருந்தாலும் கெடும், ஃபார்மலின் ஆவி பட்ட ஸ்லைடில் கீம்சா ஒருமாதிரி பச்சை நீலமாக வந்து நிற்கும்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் தைராய்டு கட்டிக்கு நான்கு ஸ்லைடு வந்தது, நான்கும் ஆல்கஹாலில், நான்கும் காய்ந்தபின் போட்டவை. பெயரைப் பால்பாயின்ட்டில் எழுதியிருந்தார்கள், ஆல்கஹாலில் மை கரைந்து ஜார் முழுக்க வெளிர் நீலம். அந்த அம்மா இரண்டு பஸ் மாறி மறுபடி வந்து மறுபடி குத்திக்கொண்டு போனார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, ஊசியில் ஒரே ஒரு சொட்டுதான் வந்தது, ஒரு ஸ்லைடுதான் தேறும் என்றால்? நான் காய வைக்கத்தான் சொல்வேன். காய்ந்த ஸ்லைடைச் சீக்கிரமே சலைனில் (உப்புநீரில்) அரை நிமிடம் நனைத்து ஆல்கஹாலில் போட்டால் பாப் போட முடியும், செல் ஓரளவு பழைய நிலைக்கு வரும், சிவப்பணுக்கள் உடைந்து பின்புலமும் சுத்தமாகும். 1995இல் யாங்கும் அல்வாரெஸும் வெளியிட்ட அல்ட்ராஃபாஸ்ட் பாப் முறையின் அடிப்படையே இதுதான். ஆல்கஹாலில் போட்டுவிட்ட ஸ்லைடைத் திரும்ப எடுத்து நல்ல கீம்சா போட வழி இல்லை. கெரட்டின் உள்ள கேன்சர் கழுத்துக்குப் பரவியிருக்கும் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் மட்டும் அந்த ஒரு ஸ்லைடை ஆல்கஹால் ஜாருக்குக் கொடுப்பேன்.

ஜார் மூடியை ஊசி குத்தும் முன்பே திறந்து வையுங்கள். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், எது காய வைத்தது என்பதையும் அதே பென்சிலால் ஓரத்தில் குறித்து அனுப்புங்கள், எங்களுக்கு அது போதும்.