கதர் சட்டைத் துணி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் தைப்பது

பகட்டு வேண்டாம், அதற்காக ஏனோதானோ என்றும் உடுத்த முடியாது என்பவர்களுக்குச் சாயம் ஏற்றாத கதரில் தைத்த அரைக்கைச் சட்டையைத் தாராளமாகச் சொல்லலாம். பையில் கம்பெனி முத்திரை கிடையாது. பார்த்தவுடன் யாரும் விலையை ஊகிக்கவும் முடியாது. காதி கிராஃப்ட், சர்வோதய சங்கக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ரெடிமேடும் உண்டு. ஆனால் தோள் அளவு சரியாக வாய்ப்பது அபூர்வம், துணியாக எடுப்பதே மேல்.

கைத்தறித் துணி எல்லாம் கதர் ஆகிவிடாது. நெசவு மட்டுமல்ல, நூலும் கையால் நூற்றதாக இருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டு காதி ஆணையச் சட்டம் சொல்வதும் இதுதான். ஓரத்தில் ஓர் இழையை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். கை நூல் ஓரிடம் பருத்து ஓரிடம் மெலிந்திருக்கும். அசல் கதர் என்பதற்கு அடையாளமான காதி மார்க் சீட்டையும் கேட்டுப் பாருங்கள். பாலியஸ்டர் கலந்த காதியும் அதே அலமாரியில் இருக்கும். சந்தேகமானால் இழையைக் கொளுத்துங்கள்: பஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்புக் கட்டியாக நிற்கும்.

நூல் நம்பர் கூடக் கூட இழை மெலியும், விலை ஏறும். உயர் நம்பர் மஸ்லின் அழகுதான், ஆனால் உள் பனியன் வெளியே தெரியும், விலையும் எளிமைக்கு ஒத்துவராது. நடுத்தர நம்பரே தினசரிக்குப் போதும். 36 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் எடுங்கள், ஒட்டுத்துணிக்கும் மிஞ்சும். பிறகு வாங்கினால் அதே நிறம் கிடைக்காது, ஒவ்வொரு பீஸும் கொஞ்சம் மாறும்.

பலர் கதரை வெறுப்பது, துவைத்ததும் அளவு சுருங்கிவிடுவதால்தான். பழி துணி மேல் இல்லை, நனைக்காமல் வெட்டுவதில் இருக்கிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்தி, தேய்த்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள். காலருக்குள் வைக்கும் கேன்வாஸையும் நனைக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே காலர் குமிழ் விடும். எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நெசவு தளர்வானது என்பதால் இறுக்கித் தைத்தால் அக்குளில் இழை விலகும். அங்கே இரட்டைத் தையல், தையலுக்கு உள்ளே அரை அங்குலத் துணி, உடம்பில் தாராள அளவு என்று சொல்லிவிடுங்கள்.

மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைக் கதர் இன்று அதிகாரத்தின் உடுப்பு. எளிமைக்காக உடுத்துபவருக்கு அது தேவையில்லை. தவிரவும், கெட்டிக் கஞ்சியில் மடிப்புக் கோட்டில்தான் இழை முதலில் அறும். லேசான ஈரத்தோடு தேய்த்தாலே சட்டை நிற்கும். மழைக்காலத்தில் காய நேரமாகும், மதியத்துக்குள் கசங்கும். இந்த இரண்டையும் பொறுக்காதவர்கள் வாங்க வேண்டாம்.

முதலில் நைவது காலர் மடிப்புதான். உடம்புத் துணி அதற்குப் பிறகும் நெடுநாள் உழைக்கும். பழைய டெய்லர்கள் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துத் தருவார்கள். அந்தப் பக்கமும் நைந்தால், மிஞ்சிய துணியில் புதுக் காலர் போட்டுக்கொள்ளலாம். அந்தத் துண்டையும் சட்டையோடு சேர்த்தே துவைத்து வாருங்கள், நிறம் ஒத்துப்போகும்.