பாடநூலா, டியூஷனா, கைப்பேசியா? நுண்கணிதத்துக்கு முன் ஒரு வரைபட அலசல்

பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் 9-வது அத்தியாயம் எல்லைகளைப் பற்றியது. நுண்கணிதம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்குள் கோடு, சாய்வு, சார்பு, வரைபடம் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் தகராறு. பாளையங்கோட்டையில் பல வீடுகளில் அப்பா டியூஷன் என்பார், பையன் கைப்பேசி போதும் என்பான். அலமாரியில் கிடக்கும் பாடநூல் இருவருக்கும் நினைவு வராது. நான் பாடநூல் கட்சி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கணக்குக்கு 8 மதிப்பெண். அதனால் அட்டவணை போடுவது, புள்ளி வைப்பது, வளைவரையை இழுப்பது, ஓரத்தில் அளவுத்திட்டம் எழுதுவது எல்லாம் கைக்குப் பழகியிருக்கிறது. குறை வேறு இடத்தில்: வரையத் தெரிந்த பிள்ளைக்கு வரைந்ததை வாசிக்கத் தெரிவதில்லை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்ற சார்பை அழகாக வரைந்து, மூலங்கள் −2, 1 என்று குறித்துவிட்ட மாணவியிடம், "இந்த வளைவரை எதுவரை இறங்குகிறது?" என்று கேளுங்கள். விழிப்பாள். எக்ஸ் −1/2 ஆகும் வரை இறங்கி அங்கிருந்து ஏறுகிறது என்ற பதில் அவள் வரைந்த தாளிலேயே இருக்கிறது. நுண்கணிதம் கேட்கப்போவது இதைத்தான்.

ஆகவே பாடநூலை எடுத்தால் பயிற்சிக் கணக்கு முழுவதையும் போட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல், பதினொன்றின் முதல் தொகுதியில் சார்புகள் வரும் முதல் அத்தியாயம், நேர்க்கோடுகள் வரும் 6-வது அத்தியாயம் போதும். போட்ட படத்திடம் கேள்வி கேட்க வேண்டும். எக்ஸ் வர்க்க வளைவரையில் (1, 1), (2, 4) புள்ளிகளை இணைத்தால் சாய்வு 3. இரண்டாவது புள்ளியை (1.5, 2.25) ஆக்கினால் 2.5, (1.1, 1.21) ஆக்கினால் 2.1. பென்சிலால் இந்த மூன்று கோடுகளையும் இழுத்தவனுக்கு, அடுத்து வரும் 2 எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கைப்பேசி இந்த இடத்தில் ஒரு படி மேலே போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் போன்ற வரைபடச் செயலிகளில் அதே வளைவரையை (1, 1) அருகில் பெரிதாக்கிக்கொண்டே போனால், வளைவு மறைந்து நேர்க்கோடு போலவே தெரியும். மட்டுச் சார்பை, அதாவது |எக்ஸ்| படத்தை, பூச்சியத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் முனை முனையாகவே நிற்கும். ஒன்றுக்கு வகைக்கெழு, அதாவது ஒரு புள்ளியில் வளைவரைக்கு உள்ள சாய்வு, உண்டு, மற்றதற்கு அந்தப் புள்ளியில் இல்லை என்பதை இவ்வளவு பளிச்சென்று எந்தத் தாளும் காட்டாது.

ஆனால் அதே திரை ஏமாற்றவும் செய்யும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 1 என்பதை எக்ஸ் கழித்தல் 1-ஆல் வகுக்கும் சார்பைக் கொடுத்துப் பாருங்கள். அலட்டிக்கொள்ளாமல் ஒரு நேர்க்கோட்டை நீட்டிவிடும். எக்ஸ் 1 ஆகும்போது இருக்கும் ஓட்டை சட்டென்று கண்ணில் படாது. கையால் அட்டவணை போடுகிறவன் அங்கே பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாமல் முட்டி நிற்பான். எல்லை என்ற பாடமே அந்த முட்டலில்தான் பிறக்கிறது. எனவே தாள் முதலில், திரை பிறகு.

டியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நான் பார்த்தவரை பல இடங்களில் முதல் நாளே வகையிடல் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறார்கள், வரைபடத்துக்கு நேரமில்லை. எக்ஸுக்குப் பதில் எக்ஸ் கழித்தல் 2 போட்டால் படம் ஏன் இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் நகர்கிறது என்று உட்கார்ந்து கேட்க ஓர் ஆசிரியர் கிடைத்தால் மட்டும் சேரலாம்.

மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று நம் மாவட்டத்தில் காசில்லாமல் கிடைக்கிறது: நாளிதழில் வரும் அணை நீர்மட்டம். 143 அடி பாபநாசம் அணையின் மட்டத்தை நாள்தோறும் வரைபடத்தாளில் குறித்து வாருங்கள். ஒரு தேதிக்கு ஒரே மட்டம், எனவே சார்பு. ஒரே மட்டம் பல தேதிகளில் வரலாம், எனவே திருப்பிப் போட்டால் சார்பு அல்ல. இரண்டு நாட்களுக்கு இடையிலான சாய்வுக்கு அலகும் உண்டு, நாளுக்கு இத்தனை அடி. அதே செய்தியில் நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். இரண்டின் வித்தியாசம்தான் இருப்பு மாறும் வேகம். பாடநூலில் சார்பும் வகைக்கெழுவும் தனித்தனிப் பக்கங்களில் கிடக்க, இங்கே ஒரே பத்தியில் அருகருகே அச்சாகின்றன. ஒரு சிக்கலும் உண்டு: மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால், அதே அளவு தண்ணீர் சேர்ந்தாலும் மட்டம் முன்போல் ஏறாது. தாளில் கோட்டின் ஏற்றம் மெல்லத் தணியும்.

118 அடி மணிமுத்தாற்றையும் வேறு நிறத்தில் அதே தாளில் போடலாம். தென்மேற்குப் பருவமழைக்குப் பாபநாசத்தின் கோடு எழும்பும். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கும். ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.