அல்பெண்டசோல்: சவைக்கும் மாத்திரையும் பத்து மில்லி பாட்டிலும்

தர்மபுரி மருந்துக் கடைகளில் பூச்சி மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அல்பெண்டசோல்தான். 400 மில்லிகிராம் சவைக்கும் மாத்திரையாகவும், 10 மில்லி பாட்டிலில் திரவமாகவும் அது கிடைக்கிறது. மருத்துவரின் ஆலோசனைப்படி, பள்ளி செல்லும் என் மகளுக்கு மாத்திரையும் தங்கையின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திரவமும் வாங்கிக் கொடுத்தோம். மருந்தின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. பாட்டிலின் மீதும், அதை விற்கும் விதத்தின் மீதும் உண்டு.

மாத்திரை லேசான இனிப்புடன் பழவாசனையாக இருந்ததால் மகள் முகம் சுளிக்காமல் மென்று தின்றாள். இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு ஒரு முழு மாத்திரை, ஒரே வேளை, அவ்வளவுதான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் அதைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், இல்லையெனில் புரையேறும்.

பாட்டில் விஷயம் வேறு. 5 மில்லியில் 200 மில்லிகிராம் மருந்து இருப்பதால் பாட்டில் முழுவதும் சேர்ந்தால் 400 மில்லிகிராம், அதாவது பெரிய பிள்ளைக்கான அளவு. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அதில் பாதியே போதும். நான் வாங்கிய பாட்டிலில் இந்த வயதுக் கணக்கு எங்கும் இல்லை. மருத்துவர் சொற்படி என்ற ஒரு வரி மட்டும், அதுவும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தில் இருந்தது. மருந்துத் தூள் அடியில் கெட்டியாகப் படிந்திருந்தது. குலுக்காமல் மேலிருந்து பாதியை ஊற்றினால் குழந்தைக்குப் போவது வெறும் இனிப்புத் தண்ணீர். மருந்தெல்லாம் மிச்சப் பாதியில் தங்கிவிடும். பாலாடையில் அளவுக் கோடு இல்லாததால், ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி அளந்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, அழுகை நின்ற பிறகே கொடுத்தோம்.

முதலில் போன கடையில் வயதைக் கேட்காமலேயே, "முழுசா ஊத்திடுங்க" என்று பாட்டிலை நீட்டினார்கள். அங்கே வாங்காமல் அடுத்த கடைக்குப் போனோம். அங்கிருந்த மருந்தாளுநர், "பாப்பாவுக்கு எத்தனை வயசுங்க, எப்பவாவது வலிப்பு வந்திருக்குதா?" என்று விசாரித்த பிறகே மருந்தை எடுத்தார். வலிப்பைப் பற்றிய கேள்வி காரணமில்லாதது அன்று: நாடாப்புழுவின் நீர்க்கட்டி மூளையில் இருப்பவருக்கு இம்மருந்து அந்தக் கட்டியைச் சுற்றி வீக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து கலந்த மாத்திரையும் கடைகளில் இருக்கிறது. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு அதை மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

மருந்து கொடுத்த அன்று மகளுக்குச் சற்று வயிறு வலித்தது, மாலைக்குள் சரியாகிவிட்டது. புழு மிகுதியாக உள்ள பிள்ளைகளுக்குக் குமட்டலும் தலைசுற்றலும்கூட வரலாம். மறுநாள் மலத்தில் புழு தெரியவில்லையே என்று அம்மா விளக்கெண்ணெயைத் தேடியதைத் தடுக்க வேண்டியிருந்தது. இந்த மருந்து புழுவுக்குச் சர்க்கரைச் சத்து கிடைக்காமல் செய்து மெல்லக் கொல்வதால், அது முழு உருவில் வெளியேற வேண்டிய அவசியமில்லை. பேதிக்குக் கொடுப்பதும் பட்டினி போடுவதும் தேவையில்லை. கீரிப்பூச்சி என்றால் மட்டும் இரண்டு வாரம் கழித்து மறுவேளையும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மருந்தும் தேவைப்படும். பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வெறுங்காலுடன் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே ஏறும் என்பதால், செருப்பில்லாமல் மருந்தை மட்டும் நம்பிப் பயனில்லை. கருவுற்ற பெண்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், தாமாக இதை வாங்கிச் சாப்பிடவே கூடாது.

மாத்திரையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாட்டிலை, வயதைக் கேட்டு அளவைச் சொல்லும் கடையில் மட்டும் வாங்குங்கள். குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு இதே மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள, கருவுற்றிராத, பாலூட்டாத பெண்களுக்கும் உண்டு. 2015 முதல் நடக்கும் இத்திட்டத்தின் சுற்று வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அன்று காய்ச்சலாக இருந்த குழந்தைக்கு அடுத்த வாரத்து விடுபட்டோர் முகாமில் கொடுக்கலாம். கடைக்குக் கிளம்பும் முன், பள்ளியில் மாத்திரை கொடுத்தார்களா என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.