முடிவு மரமா, மார்கோவ் மாதிரியா?

சிகிச்சைகளின் செலவையும் பலனையும் ஒப்பிட மாதிரி கட்டும்போது, சில வாரங்களில் தீர்ந்துவிடும் நோய்க்கு முடிவு மரம் (நடக்கக்கூடியவற்றைக் கிளைகளாகப் பிரித்து வரையும் படம்) போதும். ஒவ்வொரு வாய்ப்புக் கணுவிலும், அதாவது என்ன நடக்கும் என்பது நம் கையில் இல்லாமல் கிளை பிரியும் இடத்தில், கிளைகளின் நிகழ்தகவுகள் கூடி 1 ஆக வேண்டும். பாதைதோறும் நிகழ்தகவைச் செலவாலும் பலனாலும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பு மதிப்பு கிடைத்துவிடும். சரிபார்ப்பதும் எளிது. ஆனால் மரத்தில் காலம் வெளிப்படையாக இல்லை. மாரடைப்பு திரும்பத் திரும்ப வரக்கூடும் என்றால் கிளைகள் கட்டுக்கடங்காமல் பெருகும்.

நாள்பட்ட நோய்க்கு மார்கோவ் மாதிரிதான். மருத்துவ முன்கணிப்புக்கு இதை 1983இல் பெக்கும் பாக்கரும் விளக்கி எழுதினார்கள். நலம், நோய், இறப்பு என நிலைகளை வகுத்து, சுழற்சிதோறும், அதாவது ஓராண்டு போன்ற சமமான காலத் துண்டுதோறும், நோயாளிக் குழுவை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிறோம். பிழைகள் புகுவதும் இங்கேதான். 5 ஆண்டுகளுக்குள் ஒரு நிகழ்வு நேரும் நிகழ்தகவு 20% என்றால், ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 4% என்று போடுவது தவறு. வீதம் மாறாதது என்று கொண்டால், 0.8இன் இயற்கை மடக்கையை 5ஆல் வகுத்து, குறியை நீக்கினால் ஆண்டு வீதம் 0.0446; அதை நிகழ்தகவாக மாற்றினால் 4.36%. சிறிய வேறுபாடுதான், ஆனால் 40 சுழற்சிகளில் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு சிக்கல், மாதிரிக்கு நினைவு கிடையாது; நோயாளி இப்போது இருக்கும் நிலையை மட்டுமே பார்க்கும். நோய் வந்து எத்தனை ஆண்டாயிற்று என்பது இறப்பு ஆபத்தை மாற்றுமானால், சுரங்க நிலைகளை (முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என வரிசையாகக் கடக்க வேண்டிய தற்காலிக நிலைகளை) சேர்க்க வேண்டும். நீண்ட சுழற்சி என்றால் நிகழ்வுகள் சராசரியாகச் சுழற்சியின் நடுவில் நேர்கின்றன என்று கணக்கிடும் அரைச் சுழற்சித் திருத்தமும் தேவை.

பக்கவாதம் போன்றவற்றில் இரண்டையும் இணைப்பதே என் தேர்வு: முதல் 30 நாட்களுக்கு மரம், பிழைத்தவர்களுக்கு மார்கோவ்.