தேக்குத்தூளும் கிரீஸும்: டிரில், கிரைண்டர் துடைப்பதில் எங்கள் பட்டறை அனுபவம்

தேக்கு மரத்தில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அதன் தூள் ஊதினால் பறந்துவிடாது. கிரீஸ் பட்ட இடத்தில் அப்பிக்கொண்டு நாளடைவில் தார் போல இறுகிவிடும். போதாததற்கு எங்கள் மியான்மரின் யாங்கோன் மழை வேறு: ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மி.மீ., பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் மரப்பட்டறையில் பல வருடங்களாக டிரில், கிரைண்டர், வட்ட ரம்பம் எல்லாவற்றையும் துடைத்துப் பராமரித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: பிசுக்கு மிஷினைக் கெடுப்பதைவிட, அதை எடுக்கிறேன் என்று நாம் ஊற்றுவதுதான் அதிகம் கெடுக்கிறது.

முக்கியமாகத் தின்னர். பாலிஷ் வேலை நடக்கும் இடத்தில் அந்த டின் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு துடைப்பில் கறை போய்விடும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகை பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் மேற்பரப்பு மங்கி, ஸ்குரூ இறுக்கிய இடங்களைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். தின்னரால் துடைத்த டிரில் ரிப்பேருக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பெட்ரோல், பென்ஸைன், தின்னர், ஆல்கஹால் எதையும் பயன்படுத்தாதீர்கள் என்று மிஷின் தயாரிக்கும் மகிட்டா நிறுவனம் தன் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தக் காகிதம் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுவதுதான் வருத்தம்.

நாங்கள் செய்வது எளிது. பிளக்கைப் பிடுங்கு, பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்று. ஈரத்துணி எடுப்பதற்கு முன் உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூளும் தண்ணீரும் குழைந்து காற்றுத் துளைகளை அடைத்துவிடும். பிறகு கம்ப்ரசர் காற்று. நம் ஊர் ஈரத்துக்குக் கம்ப்ரசர் டாங்கியில் தண்ணீர் சேராமல் இருக்காது. அதை வடிக்காமல் காற்றடித்தால் மோட்டாருக்குள் தண்ணீரைத்தான் அடிக்கிறோம். பிரஷரைக் குறைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, சற்றுத் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். கிரைண்டருக்கு இந்தக் காற்றடிப்பைத் தவறவே விடக்கூடாது. இரும்புத்தூளும் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்த கரியும் மின்சாரத்தைக் கடத்துபவை, உள்ளே படிந்தால் ஷார்ட் ஆகும்.

அதற்கப்புறம்தான் சோப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி. பழைய கைலித் துணியை நனைத்து, சொட்டு விழாதபடி முறுக்கிப் பிழிந்து, தடித்த பிசுக்கின்மேல் ஓரிரு நிமிடம் போர்த்தி வைத்தால் அது இளகிவிடும், அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. கைப்பிடி ரப்பரின் வரிகளுக்குப் பழைய டூத் பிரஷ். துணி காற்றுத் துளைப் பக்கம் போகக்கூடாது. பேட்டரி முனைகளுக்கு உலர்ந்த துணி மட்டும்.

ரம்பப் பிளேடைக் கழற்றி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் பிசின் உரிந்து வரும். உடனே துடைத்து லேசாக எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே துரு. டபிள்யூடி-40 ஸ்பிரே, பிளேடு, டிரில் பிட்டைப் பிடிக்கும் சக் போன்ற வெளி இரும்புக்குச் சரி. கியர்பாக்ஸுக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையே கரைத்துவிடும்.

முழுத் துடைப்புக்கு இரண்டு நேரம் வைத்திருக்கிறோம். ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்குக் கடை அடைக்கும் முன் ஒன்று, அடுத்து மழை வந்துவிடும். மற்றொன்று மழை ஓயும் நேரத்தில் வரும் ஆயுத பூஜைக்கு. பூஜையன்று பையன்களிடம் நான் தவறாமல் சொல்வது: "தம்பி, சந்தனம் குங்குமத்தைக் கைப்பிடியில வை, துளைக்கு மேல வைக்காதே."

இந்த முறையில் தீராதது ஒன்று உண்டு: பழைய மிஷின்களில் பிசுபிசுக்கும் கைப்பிடி ரப்பர். அது அழுக்கல்ல, ரப்பரே சிதைவது. எத்தனை சோப்பு போட்டாலும் திரும்பிவிடும். அந்த மிஷின்களுக்கு நாங்கள் துணி டேப் சுற்றிவிடுகிறோம். டேப் கறுத்ததும் உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுகிறோம்.